இடது ஓரத்துக் கறை

முக்கண்ணர் வீட்டுக்கு யாராவது படம் பார்க்க வந்துவிட்டால் அவர் மனைவிக்கு உள்ளூர ஒரு பதைப்பு. வெள்ளையான காட்சி எதுவும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வாள். மேகமோ பனியோ வெள்ளைச் சுவரோ திரை நிறைய வந்தால் போச்சு. இடது ஓரத்தில், பாதிக்குக் கொஞ்சம் கீழே, மங்கலாக ஒரு கறை தெரியும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். தொழில் தெரிந்தவர்கள் என்றால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "என்னண்ணே, அடுத்தவன் வீட்ல கோடு நேரா நிக்கலேன்னா சோறு இறங்காது உங்களுக்கு. சொந்த வீட்டுப் புரொஜெக்டர் குழாயை இப்படிச் சுட விட்டுட்டீங்களே" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். "ஆமாப்பா, சுட்டுடுச்சு" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க விடமாட்டார்.

பெற்றவர்கள் அவருக்கு வேறு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். முக்கண்ணர் என்பது வேலை பார்த்த கடையில் ஒட்டிக்கொண்டது. வீட்டிலேயே தியேட்டர் வைத்துக்கொள்ளும் ஆசைக்காரர்களுக்குத் திரையும் ஸ்பீக்கரும் புரொஜெக்டரும் விற்கிற கடை அது. அவர் மேய்த்த புரொஜெக்டருக்கு மூன்று கண். இப்போது வருகிறதே, ஒரு கையால் தூக்கி அலமாரியில் வைத்துவிடலாமே, அந்தச் சாதி இல்லை. இரண்டு பேர் தூக்கினால் மூன்றாவது ஆள் அவர்கள் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். உள்ளே மூன்று படக்குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் கிண்ணம் போல ஒரு லென்ஸ். ஒன்று சிவப்பை மட்டும் அடிக்கும், ஒன்று பச்சையை, ஒன்று நீலத்தை. மூன்றும் திரையில் ஒன்றன் மேல் ஒன்றாக, மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் முகம் முகமாக இருக்கும். பிசகினால் கதாநாயகனுக்கு மூன்று மூக்கு.

அந்த மூன்றையும் ஒன்றாக்குவதுதான் அவருடைய பிழைப்பு. முதலில் இயந்திரத்தைப் போட்டுவிட்டு நன்றாகச் சூடேற விடுவார். குளிர்ந்த இயந்திரத்தில் வைத்த கோடு, சூடேறியதும் இடம் மாறிவிடும். அப்புறம் சிவப்பையும் நீலத்தையும் அணைத்துவிட்டு, பச்சையில் மட்டும் ஜன்னல் கம்பி மாதிரி நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்ட படத்தைத் திரையில் விடுவார். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வளைந்த கோட்டை நிமிர்த்தி, பிதுங்கிய மூலையை உள்ளே இழுத்து, பச்சையை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வருவார். அதன் பிறகு பச்சையைத் தொடக் கூடாது. சிவப்பும் நீலமும்தான் நகர்ந்து நகர்ந்து வந்து பச்சையின் மேல் உட்கார வேண்டும். பச்சை அசைந்தால் மற்ற இரண்டுக்கும் பட்ட பாடெல்லாம் வீண்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அசையாத படத்தைத் திரையில் விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. ஒரே இடத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டே இருந்தால் குழாய் அந்த இடத்தில் சுட்டுப் போகும். அப்புறம் ஆயுசுக்கும் அந்தத் தழும்பு போகாது. கட்டத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போன ஒருவனை அவர் வாடிக்கையாளர் முன்னாலேயே கிழி கிழியென்று கிழித்தது கடையில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. திரையை யாராவது விரலால் தொட்டாலும் அவருக்கு உடம்பெல்லாம் பதறும்.

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் முடிக்க வராது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "உன்னை விட்டா கஸ்டமர் பேரன் எடுத்த பிறகுதான் படம் பார்ப்பான். போதும், ஸ்குரூவை முறுக்கிட்டுக் கீழ இறங்கு." முதலாளி சொல்லாவிட்டால் அந்த வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். முக்கண்ணர் மூக்கால் அழுதுகொண்டே ஏணியை மடக்குவார். பின்னால் யோசித்தபோதுதான் அவருக்குப் புரிந்தது: அத்தனை வருஷம் அவர் எந்த வேலையையும் தானாக முடித்ததே இல்லை. யாரோ ஒருவர் "போதும்" என்று சொல்லி முடித்து வைத்திருக்கிறார்கள்.

படம் பார்ப்பாரா என்றால், அதுவும் இல்லை. மனைவியோடு தியேட்டருக்குப் போய்விட்டு வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் "படம் எப்படி?" என்பார். "வலது மேல் மூலை லேசா ஃபோகஸ் இல்ல" என்பார் இவர். நகைச்சுவைக்குச் சொன்னது என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். மனைவிக்குத்தான் தெரியும், அந்த மனுஷன் கண்ணுக்கு அந்த மூலையைத் தவிர வேறெதுவும் படவில்லை என்று.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே அக்கா, கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குரலை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டாள். "நேத்து சாயங்காலம் கூப்பிட்டவர்தானே, காய்ச்சல் விட்டுச்சா?" என்று முன்பின் பார்த்திராதவரைக் கேட்டு மிரள வைப்பாள். அவள் கணவர், அதாவது அத்தான், ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக். வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு ஜோக்கோடு நுழைகிற ஆள். ஆனால் போட்டோ என்றால் மட்டும் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஒரு நாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் போன பிறகு தேடினால், வீட்டில் இருந்த அத்தனை போட்டோவிலும் அந்த விறைத்த முகம்தான் இருந்தது.

அவர் சிரிப்பது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, ஒரு வீடியோ டேப்பில். கடைக்குப் பழுது பார்க்க வந்த கேமராவை ஓட்டிப் பார்ப்பதற்காக முக்கண்ணர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு எடுத்துப் போனார். அக்காவும் அத்தானும் கூட வந்தார்கள். கரையோரம் ஒரு கல் சுவர். அத்தான் அதில் சாய்ந்து நின்றார், பக்கத்தில் அக்கா. இவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். வைத்ததும் வழக்கமான வியாதி தலைதூக்கிவிட்டது.

"அக்கா, நீ கொஞ்சம் தள்ளி நில்லு. ரெண்டு பேரும் நின்னா ஒரு பக்கம் சாயற மாதிரி இருக்கு. அத்தானை மட்டும் எடுக்கிறேன்."

அக்கா தள்ளி நின்றாள். அத்தான் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். என்ன சொன்னார் என்பது காற்று இரைச்சலில் போயே போய்விட்டது. டேப் பூராவும் புஸ்ஸென்ற சத்தம்தான். குரலிலேயே வாழ்ந்த அக்காவுக்கு அவர் குரல்கூட மிச்சமாகவில்லை. டேப்பைப் போட்டுப் பார்த்தால் அத்தான் சிரிக்கிறார், ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டியிருக்கிறார், மணிக்கட்டோடு படம் முடிந்துவிடுகிறது.

"என் கையைப் பிடிச்சிட்டிருக்கார்" என்பாள் அக்கா, ஒவ்வொரு முறையும்.

"சுவரைப் பிடிச்சிருக்கார்க்கா. நான்தானே எடுத்தேன்."

"நீ தள்ளி நிக்கச் சொன்னே, நான் நின்னேன். அவர் கையை விடலை. எனக்குத் தெரியாதா?"

பாவம், ஆசைக்குச் சொல்கிறாள் என்று இவர் மனதுக்குள் நினைத்துக்கொள்வார்.

பிறகு அக்காவுக்குக் கண் போக ஆரம்பித்தது. பார்வையின் நடுப்பகுதி மட்டும் கரைந்துகொண்டே போகிற வியாதி. எதை நேராகப் பார்க்கிறாளோ அது தெரியாது, சுற்றி இருப்பது தெரியும். வலது கண்ணில் ஏற்கெனவே ரத்தம் கசிந்து ஓரமும் போய்விட்டது. இடது கண்ணில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. டிவியில் டேப்பைப் போட்டால் அத்தான் முகம் கட்டைவிரல் அளவு, அது அந்தக் கரைந்த இடத்துக்குள் முழுசாக விழுந்துவிடும். டாக்டர் சொன்னார்: "சின்னதா இருக்கிறது தெரியாது. ரொம்பப் பெரிசா இருந்தா, தலையைச் சாய்ச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சுக்கலாம். இது எப்ப எப்படிப் போகும்னு மட்டும் சொல்ல முடியாது."

அக்கா அதைத் தம்பியிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நீ ஊருக்கெல்லாம் சுவர் சைஸுக்குப் படம் காட்டுறியே. அத்தானை ஒரு தடவை அப்படிப் பார்க்க முடியுமாடா? முகத்தை மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு. போட்டோல இருக்கிற முகம்தான் ஞாபகத்துல நிக்குது. அது அவர் இல்லையே."

"இவ்வளவுதானே. நம்ம வீட்லயே போட்டுக் காட்டுறேன்" என்றார் முக்கண்ணர்.

சொன்னபடி ஆரம்பித்தும்விட்டார். ஒரு பல் டாக்டர் புது மாதிரி மெல்லிய புரொஜெக்டருக்கு மாறினார். "இந்த யானையைத் தூக்கிட்டுப் போங்க, இடத்தை அடைக்குது" என்று பழையதை இவர் தலையில் கட்டினார். மகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் அவள் அறை காலியாக இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டது மனைவி. கடை ஆட்கள் நாலு பேர் வந்து, திட்டிக்கொண்டே இயந்திரத்தைக் கூரையில் மாட்டினார்கள். எதிர்ச் சுவரில் திரையை இழுத்துக் கட்டினார்கள். மத்தியானமே எல்லாம் முடிந்தது. அறையை இருட்டாக்கி இயந்திரத்தைப் போட்டதும் திரையில் மூன்று நிறமும் ஆளுக்கொரு பக்கம் சிதறி விழுந்தன. அவர் கையால் தள்ளித் தள்ளி ஒரு குத்துமதிப்புக்குக் கொண்டு வந்தார்.

"உங்க அக்காவைக் கூப்பிடட்டுமா? டேப்பை ஒரு தடவை போட்டுடலாமே" என்றாள் மனைவி.

"இப்படியா? மூணு மூக்கு தெரியுது."

"தெரிஞ்சா என்ன? ஒரு மூக்கையாவது பார்ப்பாங்கல்ல?"

"அக்காவுக்குக் காட்டுறதை அரைகுறையாக் காட்டச் சொல்றியா?"

அக்கா மேல் அவருக்கு உயிர். அதில் சந்தேகமே வேண்டாம். வாடிக்கையாளர்களுக்கே அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தவர், அக்காவுக்கு ஏனோதானோ என்று காட்டுவாரா? அங்கேதான் வந்தது வினை. அடுத்தவர் வீட்டில் "போதும்" என்று சொல்ல ஆள் இருந்தது. இந்த வீட்டில் அந்த வார்த்தை எடுபடாது.

கடை முடிந்து வந்து சாயங்காலம் கொஞ்சம், விடுமுறை என்றால் மத்தியானம் முழுக்க என்று பச்சைக் கட்டத்தோடு மல்லுக்கட்டினார். மேல் கோடு நடுவில் தொய்ந்தது. அதைத் தூக்கினால் கீழ்க் கோடு வயிறு தள்ளியது. மழைக்காலம் வந்து போனது. பச்சை நின்றது. சிவப்பு வந்து உட்கார்ந்தது. நீலம் மட்டும் ஓரத்தில் முரண்டு பிடித்தது.

அக்கா போன் பண்ணுவாள். "தம்பி, எந்த மட்டுல இருக்கு?"

"நீலம் மட்டும்தான்க்கா பாக்கி. ஓரத்துல ஒரு நூல் விலகுது."

"நூல்தானேடா. எனக்குக் கயிறே தெரியாது."

"உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே."

அக்கா சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். வற்புறுத்துகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. கொஞ்சம் வற்புறுத்தியிருந்தால், ஒரு தடவை சண்டை போட்டிருந்தால் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்து மருகினார். குற்றத்தை அவள் தலையில் பாதி ஏற்றிவிடப் பார்க்கிறோம் என்று அவருக்கே தெரிந்து, அந்த நினைப்பைப் பாதியில் விட்டுவிடுவார்.

நீலமும் ஒரு வழியாக வந்து சேர்ந்த நேரத்தில் அவர் கண்ணில் வேறொன்று பட்டது. திரையின் சட்டமே வலது பக்கம் ஒரு துளி இறங்கியிருந்தது. கோணலான சட்டத்துக்குள் கோடுகளை நேராக வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு முள் குத்திய மாதிரி இருந்தது. சட்டத்தைக் கழற்றி நிமிர்த்தினார். பச்சையை அசைத்தார். சிவப்பு போச்சு, நீலம் போச்சு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அன்றைக்கு மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "மூணுல பச்சை மட்டும் அசையக் கூடாதுன்னு சொல்லுவீங்கல்ல? இந்த வீட்ல அந்தப் பச்சை நீங்கதான். நானும் உங்க பொண்ணும் உங்க அக்காவும் நகர்ந்து நகர்ந்து வந்து உங்க மேல உக்காரணும். நீங்க இருக்கிற இடத்தைவிட்டு அசைய மாட்டீங்க."

அவள் சொன்னது அவருக்கு உறைக்கவில்லை. பச்சையை அன்று காலையில்தானே அசைத்தோம், இவள் தப்பாகச் சொல்கிறாளே என்றுதான் தோன்றியது. அப்படி ஒரு மண்டை.

அந்த இரண்டாவது சுற்று பாதியில் இருந்தபோது ஒரு காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலில் பதற்றம் இல்லை. "தம்பி, எழுந்திரிச்சேன். ஜன்னல் எங்க இருக்குன்னு தெரியுது. வேற ஒண்ணும் தெரியலைடா" என்றாள்.

இடது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மறுபடியும் போட்டார்கள். அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. நடைபாதையில் போகிறவர்கள் குரலைக் கேட்டு அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளிச்சம், இருட்டு, ஏதாவது அசைந்தால் அசைகிறது என்ற அளவுக்குத்தான் மிஞ்சும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது டாக்சியில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீலம் சரியாச்சா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே விசாரித்தாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு வெறி பிடித்தவர் மாதிரி வேலையை முடித்தார். கடைக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க அந்த இருட்டறையில் கிடந்தார். மூன்று நிறமும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்து, கட்டம் வெள்ளை வெளேரென்று நின்றது. டேப்பை முதல் தடவையாகப் போட்டு, கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார். பழைய டேப். கீழ் விளிம்பில் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது, இடது விளிம்பு பிசிறாக இருந்தது. ரிமோட்டை எடுத்தார், நாலு பக்கமும் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மூடிவிட்டார். படம் கத்தரித்த மாதிரி சுத்தமானது. கண் தெரியாதவளுக்குக் காட்டப் போகிற படத்துக்கு ஓரம் வெட்டிச் சுத்தம் பண்ணிய மனுஷனை என்னவென்று சொல்வது? கை பழகிய வேலையை அதுபாட்டுக்குச் செய்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, திரைக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார். மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அறையை இருட்டாக்கினார்கள். காற்று இரைச்சல் கேட்டதும் அக்கா நிமிர்ந்தாள்.

"கடற்கரை" என்றாள்.

திரையில் அத்தான் வந்துவிட்டார். சுவர் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார். பல்லுக்கு நடுவில் இருந்த சின்ன இடைவெளிகூடத் தெரிந்தது. ஒரு நூல் பிசகு இல்லை. அக்கா தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள்.

"வெளிச்சம் தெரியுது" என்றாள் கடைசியில். "ஏதோ அசையுது. அவரா அது?"

"ஆமா அண்ணி, அவர்தான்" என்றாள் மனைவி.

"என்ன பண்றார்? சொல்லேன் தம்பி."

முக்கண்ணர் வாயைத் திறந்தார். அத்தனை மாதம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த நேரத்திலும் அவர் கண் வலது மேல் மூலையில்தான் இருந்தது. அதை அவரே கவனித்தார். வெட்கமாக இருந்தது. கண்ணைப் பிடித்து இழுத்து வருகிற மாதிரி மூலையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, அத்தானின் முகத்தைப் பார்த்தார்.

"சிரிக்கிறார்க்கா. நல்லாச் சிரிக்கிறார். முன்னாடி முடி காத்துல எழும்பி நிக்குது. கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சு சிரிப்புல."

"அப்புறம்?"

"இப்ப ஏதோ சொல்றார். என்னைப் பார்த்து இல்ல. பக்கத்துல பார்த்துச் சொல்றார்."

இதை அவர் இதுவரை கவனித்ததே இல்லை. அத்தான் கேமராவைப் பார்த்துச் சிரித்தார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பார்த்துத்தான்" என்றாள் அக்கா. "அந்தப் பக்கம்தானே நான் நின்னேன். கையைப் பிடிச்சிட்டிருந்தார்னு சொன்னேன்ல."

அத்தானின் கை இடது பக்கம் நீண்டு, மணிக்கட்டோடு முடிந்திருந்தது. சுத்தமாகக் கத்தரித்த ஓரத்தில் முடிந்திருந்தது. அப்போதுதான் முக்கண்ணருக்கு உறைத்தது. அந்த ஓரத்தை மூடியது நாம்தானே. டிவி என்றால் படத்தின் ஓரத்தைத் தானே கொஞ்சம் விழுங்கிவிடும், யாரும் பார்த்திருக்க முடியாது. இந்த இயந்திரம் விழுங்காது. இருப்பதையெல்லாம் காட்டும், யாராவது கை வைத்து மூடினால் ஒழிய. ரிமோட்டை எடுத்து, இடது ஓரத்தைத் திறந்துகொண்டே போனார். பிசிறும் துடிப்புமாகப் படம் இன்னும் கொஞ்சம் விரிந்தது.

மணிக்கட்டுக்கு அப்புறம் அத்தானின் கை. அந்தக் கைக்குள் இன்னொரு கை. வளையலும், மடக்கிவிட்ட சேலைத் தலைப்பின் ஓரமும். விரல்களை விரல்களுக்குள் கோத்துப் பிடித்திருந்தார். அவள் தள்ளித் தள்ளிப் போன வரைக்கும் கையை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார், விடவில்லை. படத்திலிருந்து அக்காவைத் தள்ளி நிற்க வைத்தவர் தம்பி. மிச்சமிருந்த அவள் கையையும் இன்று ஓரம் வெட்டி மூடியவர் அதே தம்பி.

டேப் ஓடிக்கொண்டிருந்த வீடியோ டெக்கில் படத்தை நிறுத்தினார். மனைவி திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாச்சு? ஏன் சத்தம் நின்னுடுச்சு?" என்றாள் அக்கா.

"உன் கை இருக்குக்கா." ரிமோட்டைக் கீழே வைத்தார். "படத்துல உன் கை இருக்கு. நீ சொன்னது சரிதான். பிடிச்சிட்டுத்தான் இருக்கார்."

"எங்க?"

அவர் அக்காவை எழுப்பி, திரையின் இடது ஓரத்துக்கு நடத்திக்கொண்டு போனார். அவள் கையைப் பிடித்து நீட்டினார். மூன்று லென்ஸின் வெளிச்சமும் கையில் பட்டு, திரையில் அவள் கைக்கு மூன்று நிழல்கள் விழுந்தன, மஞ்சளாக ஒன்று, இளஞ்சிவப்பாக ஒன்று, வெளிர்நீலமாக ஒன்று. கை கிட்டே போகப் போக மூன்றும் நெருங்கி வந்தன. அவர் இன்னும் கொஞ்சம் நீட்ட வைத்தார். யாரையும் தொட விடாத திரையில், அத்தானின் கைமேல், அக்காவின் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். நிழல்கள் மறைந்தன. படத்தில் இருந்த கை பெரியது, அவள் கை அதற்குள் அடங்கிவிட்டது.

அக்கா அசையாமல் நின்றாள். அப்படியே கேட்டாள். "இது முதல்லேர்ந்தே இருந்துச்சா?"

"ஆமாக்கா. டேப்புலயே இருந்துச்சு."

"மிஷினை மாட்டின அன்னிக்கே போட்டிருந்தா?"

அன்றைக்கு ஓரம் எதுவும் மூடியிருக்கவில்லை. மூன்று மூக்கோடு அத்தான் வந்திருப்பார், அக்காவின் கை மூன்று கையாகத் தெரிந்திருக்கும். அவள் இடது கண்ணும் அன்று இருந்தது. நடுவில் இருப்பதுதான் தெரியாதே தவிர ஓரம் நன்றாகத் தெரிந்த கண் அது. சொல்வதற்கு அவரிடம் எத்தனையோ காரணம் இருந்தது. இயந்திரம் சூடாகவில்லை, நீலம் விலகியது, சட்டம் இறங்கியது.

"பார்த்திருப்பேக்கா" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் கையை எடுக்கவும் இல்லை. படம் அப்படியே நின்றது. டெக் நிறுத்தத்தை விட்டுத் தானாக ஓட ஆரம்பித்தபோது அவர் போய் மறுபடி அதே இடத்தில் நிறுத்திவிட்டு வந்தார்.

மனைவி மெதுவாகச் சொன்னாள். "என்னங்க, நின்ன படம் குழாயைச் சுட்டுடும்னு சொல்லுவீங்களே."

"சுடட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். இன்றைக்கும் வருகிறாள். உட்காருவதுகூட இல்லை, நேராக நடந்து போய்த் திரையின் இடது ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் படத்தை அங்கே நிறுத்திவிட்டு, வெளிச்சத்தை முடிந்த மட்டும் ஏற்றி வைத்துவிட்டு, அவள் "போதும்டா" என்று சொல்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார்.